கடலுக்குத் தெரிந்த பெயர்

பெயர் இல்லாத ஆர்டர் ஒன்று எங்கள் வார்ப்புப் பட்டறைக்கு வந்தது 1978-ஆம் வருஷம் ஆவணியில். பம்பு உறை வேண்டுமென்றால் எந்தப் பம்பு என்று சொல்வார்கள். கோயில் மணி வேண்டுமென்றால் எந்தக் கோயில் என்று நாம் கேட்காமலே சொல்வார்கள், உபயதாரர் பெயரோடு. இந்தத் தடவை மெட்ராஸ் காண்டிராக்டர் ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து என் மேஜைக்குப் பக்கத்தில் கொட்டினார். உள்ளே மரத்தில் செதுக்கிய ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். இதைப் பார்த்து வெண்கலத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு வார்த்துத் தர வேண்டும்.

“இன்னா பேருங்க இது?” என்று கேட்டேன்.

“எழுத்தை ஊத்துங்க துளசிராமன். பேரு உங்களுக்கு எதுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. பட்டறையில் மேனேஜர், கணக்குப்பிள்ளை, ஸ்டோர் கீப்பர் எல்லாம் நான்தான். முதலாளி மெட்ராஸில் இருந்துகொண்டு வாரம் ஒரு முறை வந்து உலையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். திருவள்ளூருக்குப் பக்கத்தில் நெல் வயலை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்து, புதுவாயலில் ஒரு அறை எடுத்துத் தங்கி, நாள் முழுக்கப் புகை குடிக்கிறவன் நான். என்னிடம் சொல்லக்கூடாத ரகசியம் என்ன இருக்கிறது என்று கோபம் வந்தது. பிறகுதான் காண்டிராக்டர் இறங்கி வந்து சொன்னார். எழுத்துகள் போர்க்கப்பலுக்காம். கப்பலைத் தண்ணீரில் இறக்குகிற நாள் வரைக்கும் பெயரை வெளியே சொல்ல மாட்டார்களாம். கட்டுகிற இடத்தில் அதற்கு ஒரு நம்பர்தான். அதனால்தான் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் முடிவு பண்ணிவிட்டு, அதையும் பூட்டி வைக்கிற ஜனங்கள்.

மண்ணில் அச்சு எடுக்கிற மோல்டிங் வேலையெல்லாம் தாவீதுடையது. பெரம்பூர்க்காரர், ரயில்வே பட்டறையில் தொழில் பழகியவர். மண்ணை அவர் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்தாலே ஈரம் கூடவா குறைச்சலா என்று சொல்லிவிடுவார். வார்த்த உருப்படி ஆறியதும் ஓரத்தில் பிதுங்கி நிற்கிற பிசிறை உளியால் தட்டி, அரம் போட்டு வழவழப்பாக்குகிற வேலை செங்கம்மாளுடையது.

செங்கம்மாள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. விடிந்ததும் மீன்கூடைக்காரிகளோடு பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவாள். அவர்கள் மார்க்கெட்டுக்குப் போவார்கள், இவள் பட்டறைக்கு வருவாள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். புருஷன் கப்பற்படையில் இருந்தவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அடித்த புயலில், அவன் இருந்த சின்னக் காவல் கப்பல் மூழ்கிவிட்டது. பாதிப் பேரை மீட்டார்கள். இவள் புருஷன் மீதிப் பாதியில். உடல் கிடைக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. மாதத்தில் ஒரு நாள் பென்ஷனுக்காகப் பொன்னேரி கஜானா ஆபீசுக்குப் போக லீவு கேட்பாள், நானும் முனகிக்கொண்டே கொடுப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று புருஷன் பெயர் என்ன என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. வடமேற்கே திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பெரிய புத்திசாலி மாதிரி வெங்கடேசன் என்று எழுதிவிட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஏழுமலை என்றேன், அதுவும் இல்லை. வேதக்காரரான தாவீதுதான் உலைப் பக்கத்திலிருந்து, “யோவ், சாமி பேரு இல்லய்யா, சாமி இருக்கிற ஊரு. திருமலை” என்றார். செங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் செத்துப்போனவன் பெயரைக்கூட வாயில் போடாதவளை அன்றுதான் பார்த்தேன்.

முதல் தவணையாக ஒரு வரிசை எழுத்துகளை வார்த்து முடித்தோம். மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, செங்கம்மாள் பிசிறு தட்டி முடித்த எழுத்துகளைக் கோணி மேல் வரிசையாக வைத்து, எதிரில் உட்கார்ந்திருந்தாள். டிபன் டப்பா திறக்காமல் பக்கத்தில் இருந்தது. அவள் வைத்திருந்த வரிசையைப் படித்தேன். பரசு. பரசுராமன் கையில் இருக்கிற கோடாரி.

“உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“தெரியாது சார். இதுங்கள மட்டும் தெரியும்.”

“எப்பிடி?”

“இது அவரு கப்பலு சார்.”

“உங்க ஊட்டுக்காரர் கப்பல் முழுவிப் போயி பன்னண்டு வருசம் ஆவுது. இது புதுசா கட்டற கப்பலுக்கு. நீ கண்டதையும் நெனச்சிக்கினு குந்தாத. சாப்புடு.”

அவள் எழுத்துகளை எடுத்து மரப்பெட்டியில் அடுக்கினாள். அடுத்த நாள் ஒரு பழைய சேலைத்துண்டில் சுற்றி போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். வெள்ளைச் சட்டை போட்ட பையன், இருபத்திரண்டு வயது இருக்கலாம், சிரிக்கக் கூடாதென்று போட்டோக்காரன் சொல்லியும் கேட்காத முகம். கீழே யாரோ தமிழில் பெயரும் தேதியும் எழுதியிருந்தார்கள். சட்டத்துக்குள்ளேயே அவனுடைய தொப்பியில் கட்டுகிற கறுப்பு நாடாவை மடித்து வைத்திருந்தாள். நாடாவில் தங்க நிறத்தில் ஆங்கில எழுத்துகள். ஐ.என்.எஸ். என்பதற்குப் பின்னால் அதே ஏழு எழுத்து, அதே வரிசையில். பன்னிரண்டு வருஷமாகத் தினம் விளக்கேற்றி அதைப் பார்த்தவளுக்கு எழுத்துக்கூட்டவா தெரிய வேண்டும்?

“மொதல்ல போன கப்பலோட பேரையே திரும்ப வெக்கிறாங்களா சார்?” என்று கேட்டாள்.

“அப்பிடித்தான் தெரியுது.”

“வெக்கக் கூடாது சார்.”

அதைச் சொல்லிவிட்டு நேராகப் போய், எழுத்துகளை அடுக்கியிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் கப்பற்படையிலிருந்து இன்ஸ்பெக்டர் வரப் போகிறார். இந்த ஒரு வேலை சரியாக அமைந்தால் மேற்கொண்டு வேலை வரும் என்று முதலாளி ஆசையாக இருக்கிறார். இவள் பெட்டியை அடைகாக்கிறாள். எழுந்திரு என்றேன், கத்தினேன், வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னேன். அவள் முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தாவீதைக் கூப்பிட்டேன்.

“இன்னாம்மா செங்கம்மா, பேருதான? எங்க ஊட்ல தாத்தா தாவீது, நான் தாவீது, எங்கண்ணன் பையன் தாவீது. போனவங்க பேரை வெக்கிறது நல்லதுதான?”

“உங்க தாத்தா ஊட்ல செத்தாருண்ணா. கடல்ல போவல.”

“அதுக்கின்னா?”

“கடலுக்கு அந்தப் பேரு தெரிஞ்சிப்போச்சுண்ணா.”

பிறகு அவளே சொன்னாள். அவர்கள் குப்பத்தில் ஒரு படகு ஆளைப் பறிகொடுத்தால், செத்தவனுடைய தாய்மாமன் ஏரி மண்ணை அள்ளி அந்தப் படகின் பெயரைத் தேய்த்து அழித்துவிடுவான். படகை ஓட்டலாம், விற்கலாம், உடைக்கலாம். அந்தப் பெயரை மட்டும் அந்தக் குப்பத்தில் வேறு எந்தப் படகுக்கும் வைக்க மாட்டார்கள். ஒரு தடவை பெயர் தெரிந்துகொண்ட கடல் மறுபடியும் அதைக் கூப்பிடுமாம்.

“எங்க குப்பத்துக்கு வந்திருக்கீங்களே சார். ‘கங்கையம்மா’ன்னு ஒரு படகு பாத்தீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் நாலு படகுக்கு ஒன்று கங்கையம்மாதான். இவர்கள் குப்பத்தில் நான் பார்த்ததில்லை.

“எங்க மாமனாரு காலத்துல அந்தப் பேருல ஒரு படகு போச்சு. கோயில்ல ஆத்தாளைக் கும்புடுவோம். படகுல அவ பேரை எழுத மாட்டோம். ஆத்தா பேருக்கே அப்பிடி சார். புதுக் கப்பல்ல ஏர்ற பசங்களுக்கு இது தெரியுமா? அவங்கள கட்டிக்கினவளுங்களுக்குத் தெரியுமா?”

அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் நியாயம் கேட்டாள். மணி அடிக்கிற வரை பெட்டி மேலேயே இருந்துவிட்டு, பஸ்சுக்குப் போனாள். மறுநாள் காலையில் நான் பட்டறைக் கதவைத் திறந்தபோது வாசலில் நின்றாள். உள்ளே வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் அரசப்பன் பத்து மணி ரயிலில் வந்தார். கப்பலில் இருபது வருஷம் இருந்துவிட்டு, முழங்கால் கெட்டுப்போனதால் கரை வேலைக்கு மாற்றப்பட்டவர். நல்ல உயரம், கரகரத்த குரல். நான் வாசலுக்கே ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவளை விரட்டச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். போட்டோவைக் காட்டச் சொன்னார். நாடாவைப் போட்டோக் கண்ணாடியின் மேலாகவே விரலால் தடவினார்.

“இந்தக் கப்பல்ல எனக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு இருந்தாங்கம்மா. ஒருத்தன் வந்தான். ஒருத்தன் வரல.”

“அப்ப உங்களுக்கே தெரியுமே சார். எதுக்கு இந்தப் பேரு?”

“பேரு வெக்கிறது நான் இல்ல. டெல்லியில ஒரு கமிட்டி இருக்குது. ஒவ்வொரு ஜாதிக் கப்பலுக்கும் ஒரு மாதிரிப் பேரு. ஒண்ணுத்துக்கு ஆறு, ஒண்ணுத்துக்கு ஊரு, ஒண்ணுத்துக்குக் கத்தி சூலம் மாதிரி ஆயுதம். வெள்ளக்காரன் கிட்ட பழைய கப்பலு வாங்கினா அவன் வெச்ச பேரை எடுத்துட்டு நம்ம பேரை வெப்போம். இப்ப மைசூர்னு ஓடுதே, அது அவன் கிட்ட இருந்தப்ப நைஜீரியா. பாகிஸ்தான் பிரிஞ்சப்ப நம்ம நர்மதாவை அவங்க பங்குல எடுத்துக்கினு போயி ஜீலம்னு மாத்திட்டாங்க.”

“வேற பேரு வெக்கிறது சரி சார். போன பேரை எதுக்கு வெக்கிறீங்க?”

அரசப்பன் தாவீது கொடுத்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“ஒரே பேருல ரெண்டு கப்பலு இருக்கக் கூடாது. பழைய கப்பலை உடைக்கக் குடுக்கறப்ப மொதல்ல பேரைக் கழட்டிருவோம். இந்த எழுத்து, மணி, சின்னம் எல்லாத்தையும் எறக்கிட்டுத்தான் இரும்பைக் குடுப்போம். இரும்பு இங்க பக்கத்து மில்லுக்கு வந்து கம்பியாப் போயிரும். பேரு கரையில இருக்கும். அடுத்த கப்பலு வர்றப்ப அதுக்குக் குடுப்போம். முழுவிப்போன கப்பலுன்னா கழட்ட முடியாது. ஆனா அந்தப் பேரை அப்பிடியே உட்டுட்டா, அந்த ஆளுங்களையும் அங்கியே உட்டுட்ட மாதிரின்னு நாங்க நெனக்கிறோம். வெச்சாதான் புதுசா வர்ற பையன், இதுக்கு முன்னாடி இருந்த பரசு இன்னா ஆச்சுன்னு கேப்பான். யாராவது சொல்லுவாங்க.”

“நீங்க நெனக்கிறீங்க சார். கடலு நெனக்கணுமே.”

எனக்கு அவள் மேல் இருந்த கோபம் அப்போது ஒரு மாதிரியாகச் சுருங்கிப்போய்விட்டது. அரசப்பன் மழுப்பலாக ஏதாவது சொல்லிவிட்டு எழுந்திருப்பார் என்று பார்த்தேன். அவர் அதைச் செய்யவில்லை.

“பொய் சொல்ல மாட்டேன்மா. இந்தப் பேரை என்னால மாத்த முடியாது. உங்க முதலாளியாலயும் முடியாது. நீ பெட்டி மேல ஒரு மாசம் குந்திக்கினு இருந்தாலும், வேற ஊர்ல வேற பட்டறையில இதே எழுத்தை ஊத்துவாங்க. கப்பலு இந்தப் பேருலதான் எறங்கும்.”

“வேற எடத்துல யாரு ஊத்துவாங்க?”

“யாரோ.”

“யாரோ ஊத்தறதுக்கு இங்கியே ஊத்தட்டும்” என்றாள். பிறகு எழுந்து, பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, அரத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். அரசப்பன் முதல் வரிசை எழுத்துகளைப் பார்த்துவிட்டு, மொத்தமும் முடிந்ததும் வருகிறேன் என்று கிளம்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கும்போது அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. பேஜாரு விட்டது என்று நான் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வரிசையை வார்க்கிற அன்று செங்கம்மாள், ஒரு அச்சுப் பெட்டிக்கு நான் மண் அடிக்கட்டுமா என்று தாவீதிடம் கேட்டாளாம். மோல்டிங்கில் தாவீது யாரையும் கைவைக்க விடமாட்டார், முதலாளியின் மச்சானையே விரட்டியவர். அவளுக்கு மட்டும் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, வெற்றிலை போடப் போய்விட்டார். இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

புரட்டாசி பிறந்து அரசப்பன் மறுபடியும் வந்தார். தரையில் கோணி விரித்து எல்லா எழுத்துகளையும் குப்புறப் போடச் சொன்னார். எழுத்தின் முகம் எவ்வளவு மினுக்கினாலும் முதுகு சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் தகட்டில் ஒட்டி உட்காராது, இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்து அரித்துவிடும் என்றார். ஓர் இரும்புச் சட்டத்தை ஒவ்வொரு முதுகின் மேலும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நன்றாக இருந்த எழுத்தின் முதுகில் எண் பொறித்த பஞ்ச் என்கிற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தன் முத்திரையைப் பதித்தார். ஓர் ஆங்கில ‘ஏ’ எழுத்தின் மேல் சட்டம் ஆடியது.

குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். முதுகில் கோடு கோடாகப் புடைத்திருந்தது. மண் ஈரமாக இருக்கும்போது யாரோ அதில் ஆணியால் கீறியிருக்கிறார்கள். உருகிய வெண்கலம் அந்தக் கீறலில் இறங்கி வரம்பு வரம்பாக உறைந்துவிட்டது. தமிழ் எழுத்து. மண்ணில் நேராக எழுதினால் வார்ப்பில் இடவலம் மாறித்தான் வரும், அது தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். திருமலை. இடவலம் மாறியிருந்தாலும் போட்டோவுக்குக் கீழே இருந்த எழுத்தின் அதே சாய்வு, அதே வளைவு. பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. “செங்கம்மா” என்று நான் போட்ட சத்தம் பக்கத்து மில்லுக்கே கேட்டிருக்கும். “ஒருத்தர் உட்டுக் குடுத்தா இப்பிடியா பண்ணுவ? இத்தினி பேரு பொழப்புல மண்ணு போடறியா?”

அவள் வந்து நின்றாள். அரசப்பன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“எதுக்கும்மா இது?”

“கடலுக்கு அந்தப் பேரு தெரியும் சார். மறுக்காவும் கூப்புடும். நீங்க மாத்த மாட்டேன்னு சொல்லிட்டீங்க. கூப்புட்டா உள்ளேர்ந்து பதில் சொல்ல ஒருத்தரு வேணாமா? புதுசா வர்ற பசங்களுக்கு இன்னா தெரியும்? அவரு ஏற்கெனவே போனவரு. அவரு அங்க இருந்தாருன்னா, வந்ததுதான் வந்துட்டேனே, இவங்கள உட்டுருன்னு சொல்லுவாரு.”

இதை அவள் கடையில் உப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நானாக இருந்தால் என் அண்ணனையோ தம்பியையோ அப்படி ஊரார் பிள்ளைகளுக்குக் காவலாக அனுப்பியிருப்பேனா என்று தோன்றியது. மாட்டேன்.

அரசப்பன் அந்த எழுத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் அந்த வரம்புகளை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

“இப்பிடி இருந்தா ஒக்காராதும்மா. நான் பாஸ் பண்ணாலும் கப்பல்ல மாட்டறவன் திருப்பி அனுப்பிருவான். ராவணும்.”

தாவீது அரத்தை எடுத்தார். “நான் ராவறேன் சார்.”

“குடுங்கண்ணா” என்று செங்கம்மாள் வாங்கிக்கொண்டாள். “என் வேலைதான அது.”

எழுத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவளே ராவினாள். அவசரப்படவும் இல்லை, இழுத்தடிக்கவும் இல்லை. தினம் எந்தப் பிசிறை எப்படி ராவுவாளோ அப்படியேதான். முதலில் கொம்பு போயிற்று, பிறகு சுழி, பிறகு கோடு. பொன் நிறத் தூள் அவள் புடவையில் விழுந்தது. கடைசியில் சமமான முதுகு ஒன்று மிஞ்சியது. அதை ஊதி, முந்தானையால் துடைத்து, அரசப்பனிடம் நீட்டினாள். நான் உலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அரசப்பன் சட்டத்தை வைத்துப் பார்த்தார். ஆடவில்லை. தன் முத்திரையைப் பதித்தார். அடுத்த எழுத்துக்குப் போகவில்லை.

“முதுகுல பொடைச்சிக்கினு இருக்கக் கூடாது. குழியா இருந்தா பரவால்ல” என்றார், யாரையும் பார்க்காமல். “என் முத்திரையே குழிதான். துளசிராமன், உங்க கிட்ட எண் பஞ்ச் முழு செட்டு இருக்குதா?”

“தமிழ் எழுத்து இல்லியே சார்.”

“எண்ணு போதும். ஏம்மா, அவரு நம்பரு இன்னா?”

கப்பற்படையில் சேருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர் உண்டு. சம்பளம், சாப்பாடு, லீவு எல்லாம் அந்த நம்பர் மேல்தான். புருஷன் பெயரைப் பன்னிரண்டு வருஷமாக வாயில் போடாத செங்கம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். பொன்னேரி கஜானாவில் மாதா மாதம் ஜன்னலுக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லி மனப்பாடமான நம்பர். அங்கே யாரும் அவன் பெயரைக் கேட்டதில்லை.

“அஞ்சு, எட்டு, ரெண்டு, பூச்சியம், ஏழு.”

பஞ்ச்சுகளை நான் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். எழுத்தைத் தாவீது அசையாமல் பிடித்துக்கொண்டார். அரசப்பன் ஒவ்வொரு எண்ணையும் ஒரே தட்டில் இறக்கினார். தட்டு விழும்போதெல்லாம் செங்கம்மாள் அந்த எண்ணை மறுபடியும் வாய்க்குள் சொன்னாள். புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

முடிந்ததும் அவள் விரலால் குழிகளைத் தடவினாள். பிறகு அரசப்பனிடம் கேட்டாள்.

“இந்த நம்பரை அப்பறம் வேற ஆளுக்குக் குடுப்பாங்களா சார்?”

“இல்லம்மா. கப்பலு பேரைத்தான் திரும்பக் குடுப்பாங்க. ஆளு நம்பரைக் குடுக்க மாட்டாங்க. எத்தினி பேரு வந்தாலும் அது அவரு ஒருத்தருக்குத்தான்.”

செங்கம்மாள் தலையாட்டினாள். அந்த எழுத்தை அவளே வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டு, ஆணி அடிக்கச் சுத்தியலைக் கேட்டாள். மத்தியானம் லாரி வந்தது. பெட்டியின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்துத் தூக்கி ஏற்றினோம்.